டெவலப்பருக்கு முன் தெர்மாமீட்டர்

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவ எந்த டெவலப்பர் (பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) நல்லது என்று கேட்டால், உடனே கிரெயின் (படத்தில் தெரியும் துகள்), கூர்மை, டோன் என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அதெல்லாம் பிறகு. முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: உங்கள் குழாயில் வரும் தண்ணீர் எத்தனை டிகிரி, மாதத்துக்கு எத்தனை ரோல் கழுவப்போகிறீர்கள். இந்த இரண்டுக்கும் விடை கையில் இருந்தால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

பிலிம் கம்பெனிகள் தரும் நேர அட்டவணை பெரும்பாலும் 20 டிகிரிக்கானது. நம்மூரில் சித்திரை மாதத்து மாடித் தொட்டித் தண்ணீரைத் தெர்மாமீட்டரில் பார்த்தால் 32ஐத் தாண்டியிருக்கும். சூடு ஏற ஏற டெவலப்பர் வேகமாக வேலை செய்யும். ஒரு டிகிரிக்குச் சுமார் 8 சதவீதம் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24ல் ஏழேகால், 26ல் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கழுவும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் சீராக வராது. டேங்கில் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் சில விநாடிகளே மொத்த நேரத்தில் பெரிய பங்காகிவிடும். வானம் போன்ற வெறும் பரப்புகளில் திட்டுத் திட்டாக அடர்த்தி மாறி நிற்கும். உதாரணத்துக்கு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமை எடுத்துக்கொள்வோம். கோடாக் எச்சி-110 டெவலப்பரை 1+31 கலவையில் (ஒரு பங்கு மருந்து, 31 பங்கு தண்ணீர்; டைலூஷன் பி என்பது இதுதான்) வைத்தால் 20 டிகிரியில் 5 நிமிடம். அதையே 24ல் செய்தால் மூன்றரை நிமிடம் சொச்சம்தான் மிஞ்சும். அதே பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரின் 1+1 கலவை 20ல் 13 நிமிடம். 24ல் ஒன்பதரைக்குச் சற்றுக் குறைவு, 26ல்கூட 8 நிமிடம் கிடைக்கிறது. வெயில் ஊரில் இருப்பவர்கள் நீர்த்த கலவையும் நீண்ட நேரமும் உள்ள டெவலப்பரைத் தேட வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

20 டிகிரியைப் பிடித்தே தீருவேன் என்று ஐஸ் போட்டுப் போராடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டெவலப்பரை மட்டும் 20க்கு இறக்கிவிட்டு, பிக்சரும் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) அலசும் தண்ணீரும் 31ல் இருந்தால் ஜெலட்டின் படலம் திடீரென்று ஊதிச் சுருங்கும். நெகட்டிவில் பாம்புச் சட்டை மாதிரி வலைப்பின்னல் விழுந்துவிட்டால் அதைத் திருத்த வழியே இல்லை. இன்றைய பிலிம்கள் இதை ஓரளவு தாங்கும் என்றாலும், ஈரத்தில் இளகிய படலத்தில் நகம் பட்டாலே கீறல் விழும். அதனால் 24 அல்லது 25 டிகிரியை உங்கள் வேலை வெப்பமாக வைத்துக்கொண்டு, டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்), பிக்சர், அலசும் தண்ணீர் நான்கையும் இரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் நிறுத்துங்கள். அலசுவதற்கு மட்டும் நாலைந்து லிட்டர் தண்ணீரை முன்கூட்டியே ஒரு வாளியில் எடுத்து வைத்துவிட வேண்டும். குழாயை நம்பக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மூடியைத் திறக்காமல் வாளிக்குள் போட்டால் கலவையின் அளவு மாறாமல் சூடு மட்டும் இறங்கும். காற்றில் ஈரம் குறைந்த ஊர் என்றால் மண்பானைத் தண்ணீரே சில டிகிரி குறைத்துத் தரும். கடலோர ஊர்களில் அந்தப் பலன் குறைவு.

இனி டெவலப்பர்கள்.

மாதம் நாலைந்து ரோலாவது கழுவுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு டி-76ல் தொடங்கலாம். 1927ல் கோடாக்கின் ஜான் கேப்ஸ்டாஃப் சினிமா நெகட்டிவுக்காக உருவாக்கியது இது. இல்ஃபோர்டின் ஐடி-11 இதற்கு நிகர். நிழல், கிரெயின், கூர்மை மூன்றிலும் எதையும் பெரிதாக விட்டுக்கொடுக்காது. புதிதாக வரும் எந்த டெவலப்பரையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள். அநேகமாக எல்லா பிலிமுக்கும் இதற்கான நேரம் அட்டவணையில் இருக்கும் என்பது இன்னொரு வசதி.

நீர்க்காத மூலக் கலவை, அதாவது ஸ்டாக், 1 லிட்டருக்கு இப்படி: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் என்கிற வெண்காரம் 2 கிராம். இதில் எது எதற்கு என்று தெரிந்திருந்தால் தவறு நடக்கும்போது காரணம் பிடிபடும். மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்து வெள்ளி உப்பை வெள்ளியாக்குகின்றன. வெண்காரம் லேசான காரத்தன்மை தருகிறது. 100 கிராம் சல்பைட் காற்றால் கெடாமல் காப்பதோடு, வெள்ளி உப்பின் ஓரங்களைக் கொஞ்சம் கரைத்துக் கிரெயினை மென்மையாக்குகிறது. அந்தக் கரைப்பால் ஓரங்களின் கூர்மை சிறிது மழுங்கும். 1+1 ஆக நீர்த்தால் சல்பைட் பாதியாகும், கூர்மை கொஞ்சம் திரும்பும். ஸ்டாக்காகப் பயன்படுத்துவதைவிட 1+1 நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நேரம் நீள்வதும் ஒவ்வொரு முறையும் புதுக் கலவை என்பதும் மற்றவை.

பாக்கெட் தூளை வாங்கினால் பாதியை மட்டும் கலக்கலாமே என்று தோன்றும். கூடாது. 100 கிராமுக்கு நடுவே 2 கிராம் மெட்டால் எங்கே படிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்குங்கள். கோடாக் டி-76க்கு 50 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டும், ஐடி-11க்கு 40 போதும். உப்புத் தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரோ வடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரில் வெள்ளையாக ஒரு படிவு அடியில் தங்கி, பிறகு பிலிமில் ஒட்டிக்கொள்ளும். கலக்கி முடித்த ஒரு லிட்டரை நான்கு 250 மில்லி பாட்டில்களில் காற்று நிற்காதபடி கழுத்துவரை நிரப்புங்கள். ஒரு பாட்டிலோடு அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 500 மில்லி. ஒரு 36 எக்ஸ்போஷர் ரோலுக்கு அதுவே சரியான அளவு. பயன்படுத்தியதும் கொட்டிவிடுங்கள். டேங்கில் 290 மில்லி போதும் என்று எழுதியிருப்பது பிலிம் மூழ்குவதற்கான கணக்கு. அதற்குள் போதுமான மருந்து இருக்கிறதா என்பது வேறு கணக்கு. 250 மில்லிக்குள்ளான 1+1 கலவையில் ஒரு ரோலைக் கழுவினால் நேரத்தை 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது கோடாக்.

நிரம்பிய பாட்டிலில் டி-76 ஆறு மாதம் நிற்கும், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம். இடையில் ஒரு விசித்திரம் உண்டு. பழசானால் மருந்து வீரியம் குறையும் என்றுதான் நினைப்போம். டி-76 சில வாரம் காற்றோடு இருந்தால் முதலில் வீரியம் ஏறும். ஹைட்ரோகுவினோன் சல்பைட்டோடும் ஆக்சிஜனோடும் சேரும்போது காரம் உண்டாவதே காரணம். ஒரே பிலிம், ஒரே நேரம், ஆனாலும் இந்த மாதம் நெகட்டிவ் தடிப்பாக வருகிறதே என்று குழம்புகிறவர்கள் பாட்டிலின் தேதியைப் பார்க்க வேண்டும். தாமே கலக்குகிறவர்களுக்கு டி-76டி என்ற மாற்றுக் குறிப்பு இருக்கிறது. வெண்காரம் 8 கிராம், போரிக் அமிலம் 8 கிராம் என்று வைத்தால் காரத்தன்மை நிலைத்து நிற்கும்.

ஆண்டுக்கு ஏழெட்டு ரோல் மட்டுமே எடுப்பவருக்குத் தூள் டெவலப்பர் வீண் செலவு. அவர்களுக்கு அடர்த்தியான திரவம்தான் சரி. எச்சி-110 முன்பு பாகு மாதிரி இருந்தது, இப்போது வருவது அவ்வளவு கெட்டியில்லை. தேவைப்படும்போது சில மில்லி எடுத்து நேரடியாக நீர்க்கலாம். 1+31ல் 500 மில்லிக்கு 15.6 மில்லி வேண்டும். அளவுச் சாடியில் ஊற்றினால் கொஞ்சம் சாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சில் எடுத்து, அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை உறிஞ்சி விடுங்கள். முன்னே சொன்ன நேரக் குறைவுக்கு வழி 1+63 கலவை: நேரத்தை இரட்டிப்பாக்கித் தொடங்கலாம். எச்பி5 பிளஸ் 20 டிகிரியில் 10 நிமிடம், 24ல் ஏழேகால். ஒரு எச்சரிக்கை. இந்தக் கலவையில் 300 மில்லி மட்டும் ஊற்றினால் மூலத் திரவம் 5 மில்லிகூட இருக்காது. வெளிச்சம் நிறைந்த படங்களில் மருந்து தீர்ந்து வெண்பகுதிகள் சோர்ந்துபோகும். 500 மில்லியே ஊற்றுங்கள், அதற்குப் பெரிய டேங்க் வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

பழைய பிலிமுக்கும் எச்சி-110 கைகொடுக்கும், ஏனென்றால் மூடுபனி போன்ற அடிக்கறை இதில் குறைவு. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து பிலிம் ரோல்கள் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைக் கழுவ நினைப்பவர்கள் இதை 1+31ல், இயன்றவரை குளிர்ந்த தண்ணீரில் முயலலாம். அங்கே மட்டும் ஐஸ் போராட்டத்துக்கு அர்த்தம் உண்டு.

ரோடினால் இவற்றில் மூத்தது. ஆக்ஃபாவின் மோமே ஆண்ட்ரேசன் 1891ல் காப்புரிமை பெற்றது. இன்று வேறு பெயர்களிலும் விற்கிறார்கள். பாட்டில் திறந்து, நிறம் தேநீரைத் தாண்டிக் கறுத்தாலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். இந்த விஷயத்தில் இதற்கு இணை இல்லை. 1+50ல் 500 மில்லிக்கு 10 மில்லி. எச்பி5 பிளஸ் 20 டிகிரியில் 11 நிமிடம், 24ல் 8. இதில் சல்பைட் குறைவு, அதனால் கிரெயினைக் கரைக்காது. கிரெயின் கறாராக, ஓரங்கள் கூர்மையாக வரும். ஐஎஸ்ஓ 100 வேகப் பிலிமிலும் அகலமான 120 ரோலிலும் இது அழகு. 35 மி.மீ. 400 வேகப் பிலிமில், அதுவும் மங்கிய வெளிச்சத்தில் எடுத்ததில், முகத்தில் மணல் தூவின மாதிரி இருக்கும். அதை விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். கையுறை அவசியம்: பாட்டிலில் இருப்பது தோலை அரிக்கும் காரம்.

1+100ல் ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டுவிட்டால் போதும், எந்தப் பிலிமும் வந்துவிடும் என்று ஒரு பழக்கம் ரோடினாலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வெயில் ஊரில் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 20 டிகிரியில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தளர்ந்து தானே அடங்குவதுதான் அந்த முறையின் உயிர். 29 டிகிரியில் அது அடங்குவதற்குள் தேவைக்கு மேல் கழுவிவிட்டிருக்கும். அசைக்காததால் வேறொரு தொல்லையும் சேரும். கழுவும்போது வெளியேறும் புரோமைடு கனமானது; அது அப்படியே கீழே வழிந்து, பல்சக்கரத் துளைகளுக்கு நேராகக் கோடு கோடாகத் தடம் விடும்.

எக்ஸ்டால் 1996ல் வந்தது. மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் இல்லாமல், வைட்டமின் சி குடும்பத்துப் பொருளைக் கொண்டு வேலை செய்கிறது. நிழல் விவரமும் மென்மையான கிரெயினும் சேர்ந்து வேண்டும் என்றால் இதுதான் முதல். சாதாரண வெப்பத் தண்ணீரிலேயே கரையும். ஆனாலும் முதல் டெவலப்பராக இதைச் சொல்லத் தயக்கம். கலந்தால் 5 லிட்டர், ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, டி-76 கெட்டால் பழுப்பேறிக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்டால் தண்ணீர் மாதிரியே இருந்துகொண்டு செத்துப்போகும். தண்ணீரில் துளி இரும்பு இருந்தாலே அந்தச் சாவு விரைவில் வரும், ஆகவே வடிநீர் தவிர வேறெதிலும் கலக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பிலிமின் வெட்டிய நாக்குத் துண்டை வெளிச்சத்திலேயே மருந்தில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் கருகருவென்று கறுக்காவிட்டால் அந்தப் பாட்டிலைத் தொட வேண்டாம். இந்தச் சோதனை எல்லா டெவலப்பருக்கும் பொருந்தும், எக்ஸ்டாலுக்குக் கட்டாயம்.

400 வேகப் பிலிமை 1600ல் எடுத்துவிட்டீர்கள், கச்சேரி மேடையோ கோயில் உள்பிரகாரமோ, என்றால் மைக்ரோஃபென்: எச்பி5 பிளஸுக்கு ஸ்டாக்கில் 20 டிகிரியில் 11 நிமிடம். திரவமாக வேண்டுமென்றால் டிடி-எக்ஸ் 1+4ல் 13 நிமிடம். டிடி-எக்ஸ் அருமையான டெவலப்பர், ஆனால் ஒரு ரோலுக்கு ஆகும் செலவு மற்ற திரவங்களைவிட அதிகம்.

தராசு வாங்கிச் சொந்தமாகக் கலக்கத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்த விடை இருக்கிறது: டி-23. ஒரு லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம். அவ்வளவுதான். சூட்டுக்கு ஈடுகொடுப்பதில் இதற்கு ஒரு இயல்பான அனுகூலம் இருக்கிறது. வெப்பத்தால் வேகம் மாறுவது ஹைட்ரோகுவினோனில்தான் அதிகம், மெட்டாலில் குறைவு. மெட்டால் மட்டும் உள்ள டி-23 ஒரு டிகிரி முன்பின் ஆனாலும் மன்னிக்கும். உச்சி வெயிலில் எடுத்த படங்களில் வெண்பகுதிகளை எரித்துவிடாமல் மென்மையாக நிறுத்தும். நேரத்துக்கு டி-76 அட்டவணையிலிருந்து தொடங்குங்கள், தேவைப்பட்டால் கூட்டலாம்.

கலக்கும் வரிசையில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். 750 மில்லி தண்ணீர், சுமார் 50 டிகிரி. முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், மெட்டால் காற்றில் கறுக்காமல் காக்க. பிறகு மெட்டால் முழுவதும். அது துளிகூட மிச்சமில்லாமல் கரைந்த பிறகே மீதிச் சல்பைட். மாற்றிப் போட்டால் அடர்ந்த சல்பைட் கரைசலில் மெட்டால் கரையாது. வெள்ளைத் துகளாக மிதந்துகொண்டே இருக்கும். கடைசியில் தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். மெட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் விடாது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தூளைத் தொடாதீர்கள். தராசு 0.1 கிராம் காட்டுவதாக இருக்க வேண்டும். மெட்டாலைக் கரண்டிக் கணக்கில் போடக் கூடாது.

ரசாயனக் கடையில் பெயரைக் கவனமாகச் சொல்லுங்கள். சல்பைட், சல்பைடு, சல்பேட் மூன்றும் காதில் ஒன்றாகவே விழும். சோடியம் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பிலிமை மொத்தமாகக் கறுப்பாக்கிவிடும். சல்பேட் உங்கள் கலவையில் ஒன்றுமே செய்யாது. மெட்டாபைசல்பைட் என்று இன்னொன்றும் இருக்கிறது, அது அமிலத்தன்மை உள்ளது. போட்டால் டெவலப்பரே வேலை செய்யாது. வாய்ச்சொல்லை நம்பாமல் லேபிளில் இருக்கும் ரசாயனக் குறியீட்டைப் படியுங்கள். சல்பைட் படிகமாகக் கிடைத்தால் அதில் பாதி எடை தண்ணீர், 100க்குப் பதில் 200 கிராம் போட வேண்டும்.

காபியில் கழுவும் முறையைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேஃபினால் விளையாட்டு அல்ல, நல்ல நெகட்டிவ் தரும். 1 லிட்டருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். 100 வேகப் பிலிமுக்கு இது போதும். 400க்குப் பொட்டாசியம் புரோமைடு 1 கிராம் சேர்க்காவிட்டால் அடிக்கறை ஏறும். சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் ஒன்றல்ல. ஆப்பச் சோடாவைப் போட்டால் காரம் போதாமல் பிலிம் வெறுமையாக வரும். படிகச் சலவைச் சோடா என்றால் 54ஐ 2.7ஆல் பெருக்கி 146 கிராம். சிக்கரி கலந்த தூள் வேண்டாம், இந்த அளவு தூய காபிக்கானது. மாத்திரையாக விற்கும் வைட்டமின் சியில் சர்க்கரையும் சாயமும் சேர்ந்திருக்கும், அதுவும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மூன்று பொருளை நிறுத்துக் கலக்கும் பொறுமை இருந்தால் செய்யலாம். ஆனால் கடைக் காபியின் வீரியம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், உங்கள் நேரத்தை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் முதல் ரோலைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். வெயிலும் நிழலும் கலந்த ஒரே காட்சியை, ஒரே அளவில், ரோல் முழுக்க எடுங்கள். இருட்டுப் பையில் அதை மூன்றாக வெட்டி, இரண்டு துண்டை ஒளிபுகாத டப்பாவில் வைத்துவிட்டு முதல் துண்டை அட்டவணை நேரத்தில் கழுவுங்கள். முதல் 10 விநாடி கவிழ்த்து நிமிர்த்தி, டேங்கை மேசையில் ஒரு தட்டு தட்டிக் குமிழை விரட்டி, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடியில் நான்கு முறை கவிழ்த்தல். காய்ந்ததும் பாருங்கள். பிலிம் ஓரத்து எண்கள் மங்கலாக இருந்தால் கழுவியது போதவில்லை. எண்கள் அடர்த்தியாக இருந்தும் நிழல் வெறுமையாக இருந்தால் டெவலப்பர் மேல் குற்றமில்லை, கேமராவில் வெளிச்சம் போதவில்லை. நிழல் சரியாக இருந்து, வெள்ளைச் சுவரும் வானமும் நெகட்டிவில் அட்டைக் கறுப்பாக இருந்தால் இரண்டாவது துண்டுக்கு நேரத்தை 15 சதவீதம் குறையுங்கள். சோர்வாக இருந்தால் 15 சதவீதம் கூட்டுங்கள். மூன்றாவது துண்டு, அந்தத் திருத்தத்தைச் சரிபார்க்க. நேரம், வெப்பம், கலவை, பாட்டிலைக் கலந்த தேதி நான்கையும் நெகட்டிவ் உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.